பேராக் காட்டின் உலர்ந்த தாள்கள்

இன்று மலேசியாவின் மாநிலமான பேராக்கின் காட்டை வெட்டத் தொடங்கியதும், அந்தக் காட்டின் செடிகொடிகளை முறையாக எழுதிவைக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. அவற்றை அங்கே நடச் செய்தவர் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. அந்தத் தலைமுறையின் மிச்சமாக ஒரு கிழட்டு ரப்பர் மரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அதே லோ இளவயதில் போர்னியோவில் செடி சேகரித்தவர். கினபாலு மலையின் குடுவைத் தாவரம் ஒன்று, நெப்பந்திஸ் லோவி, அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அவருடைய ஆட்சிக்காலத்திலேயே மூன்று பேர் பேராக் காடுகளுக்குள் போய், இலையும் பூவுமாகக் கொய்து, அழுத்தி உலர்த்தி, கட்டுக்கட்டாகக் கப்பலேற்றினார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்தக் காட்டின் தாழ்நிலப் பகுதி பெரும்பாலும் ஈயச் சுரங்கமாகவும் பால்மரத் தோட்டமாகவும் மாறியது. காடு போன இடத்தில் காட்டின் பதிவு மட்டும் கல்கத்தாவிலும் கியூவிலும் சிங்கப்பூரிலும் அலமாரிகளில் இருக்கிறது.

அரிய காட்டுத் தாவரம் ஒன்றைப் பற்றி இப்படிப்பட்ட உலர்மாதிரி எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்? அந்தச் செடி அந்த இடத்தில் அந்த நாளில் இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறில்லை. யார் வேண்டுமானாலும் தாளை எடுத்து, பூவை வெந்நீரில் நனைத்துப் பிரித்து, மறுபடி சோதித்துக்கொள்ளலாம். ஆனால் இல்லாமைக்கு அது சாட்சியே ஆகாது. ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது என்றால் செடி அரிது என்று பொருளாகலாம். அந்தப் பக்கம் வேறு யாரும் போகவில்லை என்றும் பொருளாகலாம். பேராக்கின் தாவரங்களைப் பற்றிய எழுத்தில் இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணப்பட்டன என்பது என் கருத்து.

மூன்று பேர், ஒரு துறைமுகம்

முதலாமவர் ஹெர்மன் குன்ஸ்ட்லர். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஜார்ஜ் கிங்கிடம் சம்பளத்துக்குச் செடி சேகரித்தவர். 1880களின் முற்பாதியில் லாருட், கோப்பெங், கிந்தா என்று அலைந்து ஆயிரக்கணக்கான எண்களில் மாதிரிகளை அனுப்பினார். ஆனால் தாள்களில் அவர் பெயர் இல்லை, ‘கிங்கின் சேகரிப்பாளர்’ என்றுதான் இருக்கிறது. அச்சான நூல்களிலும் அதே கதைதான். கிங்குக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த டேவிட் பிரெய்ன், 1897இல் அவரைக் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்குக் குன்ஸ்ட்லேரியா என்று பெயரிட்டு அந்தக் கடனில் கொஞ்சத்தை அடைத்தார். வெள்ளைக்கார ஊழியருக்கே இந்த நிலை என்றால், அவருக்கு வழி காட்டிய செமாய் பழங்குடி மக்களும், மரமேறியவர்களும், மூட்டை சுமந்தவர்களும் தாளில் எங்கே இடம்பெறப் போகிறார்கள்?

இரண்டாமவர் பாதிரியார். இத்தாலியரான பெனடெட்டோ ஸ்கோர்டெகினி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மறைப்பணியோடு செடி சேகரிப்பையும் செய்துவந்தவர். 1884இல் பேராக் அரசின் தாவரவியலாளராக வந்து சேர்ந்தார். சேகரித்ததை எல்லாம் கிங்கோடு உட்கார்ந்து ஒழுங்குசெய்து பேராக்கின் தாவரங்களுக்கென்றே ஒரு நூல் எழுதுவது அவர் திட்டம். அதற்காகக் கல்கத்தா போனவர் 1886இல் அங்கேயே இறந்துபோனார். வயது நாற்பதை ஒட்டித்தான். நூல் வரவில்லை, தாள்கள் தங்கின. பேராக்கின் சாலையோரக் காடுகளிலும் கைவிட்ட தோட்டங்களின் விளிம்பிலும் புதராக அடைத்து நிற்கும் செமந்தான் மூங்கிலின் அறிவியல் பெயர் ஜைகாண்டோகுளோவா ஸ்கோர்டெகினி. அரிய செடிகளைத் தேடி அலைந்தவரின் பெயர் மாநிலத்தின் மிகச் சாதாரணமான மூங்கிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாமவர் லியோனார்ட் ரே. 1883இல் தைப்பிங்கில் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தின் காப்பாளர். இன்று புக்கிட் லாருட் எனப்படும் மாக்ஸ்வெல் மலையை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். மலையுச்சிப் புதர்ச்செடியான ரோடோடெண்ட்ரான் ரேயி அவர் பெயரில்தான் வழங்குகிறது. மற்ற இருவரும் வந்து போனவர்கள். ரே இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்ததால் ஒரே சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போக முடிந்தது. உலர்மாதிரி வேலையில் பலரும் பெரிதாக எண்ணாத நற்பேறு இது.

இவர்கள் மூவரின் சரக்கும் கல்கத்தாவில் கூடியது. கிங் 1889 முதல் ‘மலாயாத் தீபகற்பத் தாவரங்களுக்கான மூலப்பொருள்கள்’ என்ற வரிசையை வங்காள ஆசியவியல் கழக இதழில் வெளியிட்டார். அதன் பக்கங்களில் இனத்துக்கு இனம் ‘பேராக்: ஸ்கோர்டெகினி, ரே, கிங்கின் சேகரிப்பாளர்’ என்ற வரி வந்துகொண்டே இருக்கும். கிங் தளர்ந்தபின் அந்த வேலையில் அவருக்குத் தோள்கொடுத்தவர் ஜே. எஸ். கேம்பிள். சென்னை மாகாணத்தின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் வெளிவந்த பெருநூலைத் தொடங்கியவரும் இதே கேம்பிள்தான். தமிழ்நாட்டிலிருந்து பேராக் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் விட்டுவந்த காட்டையும் வந்துசேர்ந்த காட்டையும் ஒரே மனிதரின் பேனா விவரித்திருக்கிறது. இரண்டு காடுகளிலும் கால்வைத்த அந்த மக்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்து வந்தவர் ஹென்றி ரிட்லி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்று, 1922க்கும் 1925க்கும் இடையில் மலாயாத் தீபகற்பத் தாவரங்களை ஐந்து தொகுதிகளில் முடித்துக் கொடுத்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தவரும், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைத் தேர்ந்து காட்டியவரும் அவரே. பித்துப்பிடித்தவர் என்று அந்தக் காலத்தில் கேலி செய்யப்பட்டவர் நூறு வயது வாழ்ந்து 1956இல் மறைந்தார். காட்டைப் பதிந்தவரும் காட்டுக்கு மாற்றான பயிரைப் பரப்பியவரும் ஒருவரே என்பதில் எனக்கு வியப்பு இல்லை. அரசாங்கத் தாவரத் தோட்டங்களின் வேலையே அதுதான்: எது காசாகும் என்று கண்டுபிடிப்பது. அரிய செடிகளின் பட்டியல் அந்த வேலையின் உபரி.

தாளில் ஏறுவதும் ஏறாததும்

உலர்மாதிரி செய்வது கேட்பதற்கு எளிது. பூவோ காயோ உள்ள கிளையை ஒடித்து, செய்தித்தாள்களுக்கு இடையே பரப்பி, சட்டத்தில் இறுக்கி, ஈரம் போகும்வரை காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டினால் தீர்ந்தது. பேராக்கின் காற்றில் இது அவ்வளவு லேசில்லை. மூன்று நாள் மழையில் கட்டு முழுவதும் பூசணம் பிடித்து இலைகள் காம்பிலிருந்து கழன்றுவிடும். அதனால் ஈரநாடுகளில் மாதிரிகளைச் செய்தித்தாளில் சுற்றி ஆல்கஹால் ஊற்றி, உறையில் காற்றுப் புகாமல் கட்டிவைத்து, ஊருக்குக் கொண்டுவந்தபின் அடுப்பறையில் உலர்த்துவார்கள். இதனால் பூவின் நிறம் போய்விடும். எனவே நிறத்தைக் காட்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சீட்டில் சேகரித்தவர் பெயர், எண், நாள், இடம், உயரம், மண், மரமா கொடியா, பூ என்ன நிறம் ஆகியவை இருக்க வேண்டும். சீட்டு இல்லாத மாதிரி வெறும் சருகு.

ஒரே மரத்திலிருந்து நாலைந்து கிளை எடுத்து, ஒரே எண்ணிட்டுப் பல நிறுவனங்களுக்கு அனுப்புவது வழக்கம். இதன் அருமை 1943இல் தெரிந்தது. பெர்லினின் உலர்மாதிரிக் காப்பகம் குண்டுவீச்சில் எரிந்தபோது, பல இனங்களின் பெயர்களுக்கு ஆதாரமான மூல மாதிரிகள் சாம்பலாயின. வேறிடங்களுக்குப் போயிருந்த பிரதிகளே பிறகு அவற்றின் இடத்தைப் பிடித்தன. பேராக்கின் தாள்களும் இப்படிப் பல ஊர்களில் கிடக்கின்றன. கெப்போங்கில் மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் தொகுப்பு மூன்று லட்சத்தைத் தாண்டும். ஆனால் 1880களின் மூல மாதிரிகளைப் பார்க்க மலேசிய ஆய்வாளர் நெடுங்காலம் கல்கத்தாவுக்கோ லண்டனுக்கோதான் போக வேண்டியிருந்தது. தாள்களை உயர்தரப் படங்களாக்கி இணையத்தில் ஏற்றிய பிறகுதான் இந்த நிலை மாறியது.

எல்லாச் செடிக்கும் தாள் பொருந்துவதில்லை. பேராக்கின் பெயரைத் தாங்கிய பனையினம் ஒன்று உண்டு. ஜான் டிரான்ஸ்ஃபீல்டு 1972இல் அதற்கு ஜோஹன்னஸ்டைஸ்மானியா பெராகென்சிஸ் என்று பெயரிட்டார். அதன் உறவினங்கள் தண்டில்லாமல் தரையிலிருந்தே இலைவிடும். இது ஒன்றுதான் தண்டு எழுப்பும். ஆளுயரத்தைத் தாண்டிய, கீற்றாகப் பிளவுபடாத ஒற்றை இலையை எப்படித் தாளில் வைப்பது? மடித்து, நறுக்கி, துண்டுக்குத் துண்டு எண்ணிட்டுப் பல தாள்களில் பிரிக்க வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் பனைகளை எடுக்காமல் கடந்துபோனார்கள். தாள்கள் குறைந்ததற்குச் செடியின் அருமை மட்டும் காரணமில்லை.

ரஃப்ளேசியா இன்னொரு கோடி. கோப்பெங்கை அடுத்த உலு கெரோவில் பூக்கும் ரஃப்ளேசியா கான்ட்லியிக்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. காட்டுத் திராட்சைக் கொடி ஒன்றின் உடம்புக்குள் நூலாக ஓடிக்கிடந்து, மொட்டாக வெளிவந்து, மாதக்கணக்கில் வளர்ந்து, ஒரு வாரத்துக்குள் அழுகிவிடும். தட்டுப்போன்ற அந்தச் சதைப்பூவை அழுத்தினால் கூழாகிவிடும். ஜாடியில் சாராயத்தில்தான் வைக்க வேண்டும். அரச பெலும் காட்டின் ரஃப்ளேசியா அஸ்லானி தனி இனமாக விவரிக்கப்பட்டது 2003இல்தான். பேராக் சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரை வைத்தார்கள். முப்பது நாற்பது சென்டிமீட்டர் அகலமுள்ள பூ அவ்வளவு காலம் தனிப்பெயர் இல்லாமல் இருந்ததற்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய ஜாடிகள் இல்லாததும் ஒரு காரணம். உலு கெரோவின் செமாய் மக்களுக்கு இந்த மொட்டுகள் எங்கே, எப்போது வரும் என்பது எப்போதும் தெரியும். ஒரு காலத்தில் பிள்ளைபெற்ற பெண்களுக்கான மருந்துக்கென்று மொட்டைப் பறித்து வியாபாரிகளுக்கு விற்றவர்கள், பின்னர் பூவைப் பார்க்க வருவோருக்கு வழிகாட்டிகளாக மாறி அதைக் காக்கிறார்கள். எந்தக் கொடியில் எத்தனை மொட்டு என்ற அவர்களுடைய கணக்கு எந்தச் சீட்டிலும் ஏறியதில்லை.

உயர்ந்த மரங்களின் சங்கடம் வேறு. மேராந்தி, கெருயிங் போன்ற டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாத இடைவெளியில், காடே சேர்ந்து பூக்கும். அந்த வாரங்களில் அங்கே ஆள் இல்லை என்றால் பூவுள்ள மாதிரி கிடைக்காது. பூவில்லாத கிளையை வைத்து இனத்தை முடிவுசெய்வது கடினம். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கிளையை இறக்குவது எப்படி என்பது அடுத்த கேள்வி. மரத்தையே வெட்டினார்கள், துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள், ஆளை ஏற்றினார்கள். சிங்கப்பூர்த் தோட்டத்தின் ஈ. ஜே. எச். கார்னர், தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளை 1930களின் இறுதியில் கிளை ஒடிக்கப் பழக்கினார். மலாயாவின் நல்ல மாதிரிகள் சிலவற்றைக் கொய்தவை குரங்குகளே. அந்தக் குரங்குகளுக்குப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. குன்ஸ்ட்லரின் கூலிகளுக்குக் கிடைக்கவில்லை.

எது அரிது?

அரிது என்ற ஒரே முத்திரைக்குள் மூன்று வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. பார்க்கப்படாததால் அரிது. இயல்பிலேயே சிறு இடத்தில் வாழ்வதால் அரிது. முன்பு பரவலாக இருந்து, இடம் பறிபோனதால் அரிது. தாள் இம்மூன்றையும் பிரித்துக் காட்டுவதில்லை. பிரிப்பதற்கு மறுபடி அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

முதல் வகைக்கு மலேசியாவில் பெயர்போன சான்று சரவாக்கின் திஸ்மியா நெப்டியூனிஸ். இத்தாலியரான பெக்காரி 1866இல் மத்தாங் மலையில் கண்டெடுத்தது. பச்சையமே இல்லாமல் பூஞ்சையை அண்டி மண்ணுக்குள் வாழ்ந்து, சில வாரங்கள் மட்டும் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தலைநீட்டும் செடி. 151 ஆண்டுகள் கழித்து 2017இல் அதே மலைப்பகுதியில் மறுபடி அகப்பட்டது. இலங்கையின் க்ருடியா சைலானிகா என்ற மரமும் இப்படித்தான். 2012ஆம் ஆண்டுப் பட்டியலில் அழிந்தது என்று எழுதினார்கள். 2019இல் கம்பஹா பக்கம் ஒரு மரம் நின்றது. இத்தகைய கதைகள் இனிமையானவை. ஆனால் அவற்றையே நம்பிக் காலம் கடத்துவது தவறு. பினாங்கின் புலாவ் பெத்தோங்கில் 1886இலும் 1898இலும் கொய்யப்பட்ட பெகோனியா ஐரோமிஸ்கா பிறகு கிடைக்கவே இல்லை. அது வாழ்ந்த சரிவு பயிர்நிலமாகிவிட்டது. 2007இல் அழிந்த இனமாக அறிவித்தார்கள். அதற்கு மிஞ்சியது தாள் மட்டுமே.

இரண்டாம் வகைக்கு ஈப்போவைச் சுற்றிப் பார்த்தாலே போதும். கிந்தாச் சமவெளியில் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் தாவரங்களுக்குத் தனித்தனித் தீவுகள். 1970களில் சின் சீ சுங் இக்குன்றுகளின் தாவரங்களைத் தீபகற்பம் முழுக்கத் தொகுத்தபோது 1,216 இனங்கள் தேறின. நிலப்பரப்பில் அரை விழுக்காடுகூட இல்லாத குன்றுகளில் மொத்தத் தாவர இனங்களில் ஏழில் ஒரு பங்கு. அவரைத் தொடர்ந்து ரூத் கியூவும் கெப்போங் குழுவினரும் குன்று குன்றாக ஏறிப் பட்டியலை நீட்டிக்கொண்டே வந்தார்கள். ஈப்போவுக்கு வடக்கே செமோரை அடுத்த குனோங் கந்தான் இதில் தனிக்கதை. பல பத்தாண்டுகளாகச் சிமெண்டுக்காக உடைக்கப்பட்டுவரும் அந்தக் குன்றிலிருந்து மெயோகைனி கந்தானென்சிஸ், ஜிம்னோஸ்டாக்கியம் கந்தானென்ஸ் என்ற செடிகளும், குகைச் சிலந்தி ஒன்றும், பல்லி ஒன்றும் அறிவியலுக்குப் புதியவையாக வெளிவந்தன. 2014இல் அங்கே கண்ட நத்தை ஒன்றுக்குக் குவாரியை அப்போது நடத்திய லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே சூட்டினார்கள். இனத்தின் கதி உங்கள் கையில் என்று நிறுவனத்துக்கு நினைவூட்டும் உத்தி அது. நல்ல உத்திதான் என்று நினைக்கிறேன். கந்தான் செடிகள் இயல்பிலேயே சிறு இடத்தில் வாழ்பவை. பக்கத்துக் குன்றுகள் பலவும் ஆராயப்படும் முன்பே உடைபட்டதால் அங்கே மட்டும் மிஞ்சியவையாகவும் இருக்கக்கூடும். இரண்டில் எது என்று தாள் சொல்லாது. காணாமல்போன குன்றும் சொல்லாது.

மூன்றாம் வகைக்குப் பேராக்கின் இரண்டு மரங்கள். பலாவ் பூத்தே எனப்படும் ஷோரியா லுமுடென்சிஸ், லுமுட், செகாரி, பங்கோர் தீவை ஒட்டிய கடலோரக் குன்றுக் காடுகளில் மட்டுமே வாழ்வது. உலகில் வேறெங்கும் இல்லை. கெருயிங் பாடி என்ற டிப்டெரோகார்பஸ் செமிவெஸ்டிடஸின் கதை இதைவிட விசித்திரம். போர்னியோவிலிருந்து விவரிக்கப்பட்ட இந்த நன்னீர்ச் சதுப்புக்காட்டு மரம் தீபகற்பத்தில் அறியப்பட்ட இடம் செரி இஸ்கந்தாரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் மிஞ்சிய சதுப்புத் துண்டு. பேராக் ஆற்றுப் படுகையில் இத்தகைய சதுப்புக்காடுகள் வயலாகவும் தோட்டமாகவும் வடிகட்டப்பட்டன. வகுப்பறைகளும் விடுதிகளும் சூழ நிற்கும் அந்தத் துண்டைக் காக்க வன ஆய்வுக் கழகமும் பல்கலைக்கழகமும் கைகோத்திருக்கின்றன. கெருயிங் பாடி எப்போதும் இத்தனை அரிதாக இருந்ததா? பழைய தாள்கள் போதிய அளவு இருந்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். சதுப்புக்குள் இறங்க மனமில்லாமல் குன்றேறிப் போனவர்கள்தான் பெரும்பாலான சேகரிப்பாளர்கள்.

தாளைப் படிப்பதில் வரும் பிழைகள்

பழைய சீட்டுகளில் இடம் குறிக்கும் முறை இன்றைய கண்ணுக்குக் கோபமூட்டும். ‘லாருட்’ என்று மட்டும் இருந்தால் அது மாத்தாங்கின் கடலோரச் சேறா, மாக்ஸ்வெல் மலையுச்சியா? ‘பேராக்’ என்று மட்டும் எழுதி முடித்த தாள்களும் உண்டு. பேராக்கின் பெயரையே தாங்கிய பெராகாந்தஸ் என்ற பேரினம், காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ரிட்லியின் நூலில் 1925இல் அச்சேறியது. மிகச் சில மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்ட இத்தகைய செடிகளை மறுபடி தேடுகிறவர் முதலில் பழைய நில வரைபடங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஊர்ப்பெயர் மாறியிருக்கும், ஊரே சுரங்கக் குளமாகியிருக்கும்.

பெயர்களும் நம்பகமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமண்டலத் தாவர மாதிரிகளில் பாதிக்கு மேல் தவறான பெயரில் இருக்கக்கூடும் என்றது. டிப்டெரோகார்ப் குடும்பத்தில், ஒரே மரத்திலிருந்து எடுத்து ஒரே எண்ணிட்ட பிரதிகளில் 29 விழுக்காட்டுக்கு வெவ்வேறு காப்பகங்களில் வெவ்வேறு பெயர்கள் இருந்தன. மறுபக்கம், 2010இல் வந்த இன்னோர் ஆய்வு, புதிய இனங்களில் 16 விழுக்காடு மட்டுமே கொய்த ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்படுகின்றன என்றும், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் அலமாரியில் காத்திருந்தவை என்றும் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பேராக்கின் அடுத்த அரிய இனம் காட்டில் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்போ, தவறான உறைக்குள் கிடப்பதற்கும் ஏறத்தாழ அவ்வளவு வாய்ப்பு. அதைக் கண்டெடுக்க ஒரு குடும்பத்தையே வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழகிய கண் வேண்டும். கெப்போங்கில் அத்தகைய கண் இருந்தவர் கே. எம். கொச்சும்மன். 1972 முதல் 1989 வரை நான்கு தொகுதிகளாக வந்த மலாயா மரங்களின் நூலில் பல குடும்பங்களை எழுதியவர். கொச்சும்மேனியா என்ற பேரினம் அவர் பெயரால் வழங்குகிறது. அவரைப் போன்றவர் ஓய்வுபெறும்போது அந்த இடத்தை நிரப்ப ஆளெடுப்பதில் எந்த நாட்டு அரசும் அவசரம் காட்டுவதில்லை.

சேகரிப்பில் விழுந்த இடைவெளிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜப்பானியர் காலம் ஒன்று. அது முடிந்து மூச்சுவிடும் முன்பே 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டதோடு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த அவசரகாலம் பிறந்து 1960 வரை நீண்டது. பேராக்கின் உள்காடுகள் போர்க்களமாயின. பூத்தேடிப் போகும் இடமாக அவை இல்லை. காடுகள் மறுபடி திறந்தபோது மரவெட்டு லாரிகள் முந்திக்கொண்டன. 1970களில் தெமெங்கோர் அணை ஒரு பெரும் பள்ளத்தாக்கை நீருக்குள் அமிழ்த்தியது. வரைபடத்தில் மாதிரிப் புள்ளிகள் இல்லாத வட்டாரங்களைப் பார்த்து ‘இங்கே இந்த இனம் இல்லை’ என்று முடிவுகட்டுமுன் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.

தோட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். பால்மரம் நின்ற நிலத்தில் காடு ஒரேயடியாகத் துடைக்கப்பட்டது என்ற எண்ணம் முழுதும் சரியல்ல. ஆற்றங்கரை, பாறை மேடு, செங்குத்துச் சரிவு, எல்லைக்கல்லை ஒட்டிய தாழ்வு என்று ஏர் ஏறாத மூலைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. செம்பனைக்கு மாறியபோது அவற்றில் பல போயின, சில தப்பின. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த மூலைகள் அத்துப்படி. எந்த ஓடையில் காட்டு இஞ்சி பூக்கும், எந்தப் பாறையில் மீன்வால் போன்ற இலை விரியும் என்று அவர்களிடம் கேட்ட தாவரவியலாளர்கள் மிகச் சிலரே. தோட்டம் விற்கப்பட்டு, மக்கள் புந்தோங்குக்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்த பிறகு கேட்பதற்கும் ஆளில்லை. கோயில் இடங்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயிலும், குகைகளுக்குள் அமைந்த சீனக் கோயில்களும் இருக்கும் பாறைகளைக் குவாரிக்காரர் எளிதில் தொட முடிவதில்லை. விளக்கும் வர்ணமும் சிமெண்டும் அடிவாரச் செடிகளைக் கெடுப்பது உண்மையே, மேல்முகடு தப்பிவிடுகிறது. பேராக்கில் அலைந்தவரின் பெயர்கொண்ட குன்ஸ்ட்லேரியா பேரினத்தின் இன்னோர் இனம், குன்ஸ்ட்லேரியா கேரளென்சிஸ், 1980களில் கேரளத்தின் காவுகளில், சாமிக்காக வெட்டாமல் விட்ட தோப்புகளில், கண்டெடுக்கப்பட்டது. காடு சுற்றிலும் தீர்ந்தபின் வழிபாட்டிடம் செடிக்குப் புகலிடமாவது இரு கரையிலும் நடந்திருக்கிறது.

எடுப்பதா விடுவதா

கடைசி நாலு மரம்தான் இருக்கிறது என்னும்போது கிளை ஒடிக்கலாமா? புகைப்படம் போதாதா? இந்த வாதம் இப்போது சூடாக நடக்கிறது. மரத்திலிருந்து ஒரு சிறுகிளை எடுப்பதால் மரம் சாவதில்லை. படத்தில் மகரந்தத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது, மரபணுவும் எடுக்க முடியாது. திஸ்மியாவைப் போல முழுச்செடியையே பிடுங்க வேண்டியிருந்தால், எத்தனை நிற்கின்றன என்று எண்ணிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். நாலைந்தே இருந்தால் ஒரு பூவைச் சாராயத்தில் இட்டு, மற்றதைப் படமாக எடுத்துத் திரும்புவதே முறை. தாவரவியலாளர்களே கடைசிச் செடியைப் பிடுங்கித் தாளில் வைத்த அவப்பெயர் இத்துறைக்கு ஏற்கெனவே உண்டு.

இடத்தை மறைப்பது அடுத்த சிக்கல். துல்லியமான ஆயத்தொலைவைச் சீட்டில் எழுதி இணையத்தில் ஏற்றினால் ஆர்க்கிட் திருடர்கள் மறுவாரம் அங்கே இருப்பார்கள். எனவே பொதுப்பார்வைக்குப் போகும் படிகளில் மட்டும் இடத்தை மங்கலாக்குகிறார்கள். அது சரி. ஆனால் மலேசிய அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். வன ஆய்வுக் கழகமோ கூட்டரசின் அமைப்பு. செடியின் தாள் கெப்போங்கில் இருக்கிறது. குன்றை உடைக்கவோ சதுப்பை வடிக்கவோ அனுமதிக் கடிதம் பேராக் மாநில அரசின் மேசையிலிருந்து போகிறது. திருடனுக்குத் தெரியக்கூடாதென்று மறைத்த தகவல், கையெழுத்திடும் அதிகாரிக்கும் தெரியாமலேயே போய்விடக்கூடும். குத்தகை விண்ணப்பம் வந்த நாளிலேயே அந்த நிலத்துக்குரிய தாள்கள் எவை என்று கெப்போங்கைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் மாநில நில அலுவலக நடைமுறையில் இருந்தால், கந்தான் போன்ற சர்ச்சைகள் குன்று பாதி கரைந்தபின் தொடங்கத் தேவையிருக்காது.